வேலை இப்போது யார் கையில்? – சிறு குழுவுக்கான திட்டக் காலண்டர் வழிகாட்டி

நவம்பர் 1 புதுச்சேரிக்கு விடுதலை நாள். சில ஆண்டுகளுக்கு முன் அந்த நாளை ஒட்டி ஒரு கடைக்கு நோட்டீஸ் செய்து கொடுத்தோம். தமிழ், ஆங்கிலம், பிரெஞ்சு என்று மூன்று மொழியில், ஆயிரம் பிரதி. கடையில் கொடுக்கத் தொடங்கிய முதல் நாளே ஒரு பெரியவர் நோட்டீஸைத் திருப்பிக் கொண்டுவந்து கல்லாவில் வைத்துவிட்டுப் போனார். உள்ளே '1962 நவம்பர் 1' என்று அச்சாகியிருந்தது. பிரெஞ்சு நிர்வாகம் இந்தியாவிடம் கைமாறியது 1954 நவம்பர் 1. 1962 என்பது ஆகஸ்ட் 16, அதாவது 1956இல் கையெழுத்தான ஒப்பந்தம் சட்டப்படி நடைமுறைக்கு வந்த நாள். இரண்டும் ஊரில் கொண்டாடும் நாட்கள்தான். நாங்கள் ஒன்றின் ஆண்டை எடுத்து இன்னொன்றின் தேதியோடு ஒட்டிவிட்டோம்.

அந்த நோட்டீஸை மூன்று பேர் பார்த்து 'ஓகே' சொல்லியிருந்தோம். ஒருவர் எழுத்துப்பிழை பார்த்தார். இன்னொருவர் படமும் எழுத்தின் அளவும் சரியா என்று பார்த்தார். மூன்றாவது ஆள் நான். இரண்டு பேர் பார்த்துவிட்டார்களே என்று மேலோட்டமாக ஓட்டிவிட்டு அனுப்பிவிட்டேன். யாரும் வேலையில் மெத்தனமாக இருக்கவில்லை. ஆண்டையும் தேதியையும் சரிபார்க்க வேண்டியது இன்னார் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை, அவ்வளவுதான். ஆயிரம் பிரதியையும் எங்கள் செலவில் திரும்ப அடித்துக் கொடுத்தோம். அதற்கு அடுத்த வாரம்தான், எந்த வேலை யார் கையில், எந்த நாளுக்குள் என்று காட்டும் திட்டக் காலண்டர் ஒன்றை ஒழுங்காக அமைக்க உட்கார்ந்தோம்.

இதை எழுதுவது, கடை, விடுதி, பள்ளி, தொண்டு அமைப்பு என்று எதற்காகவோ நாலைந்து பேராகச் சேர்ந்து போஸ்ட், நோட்டீஸ், செய்திமடல் போடுகிறவர்களுக்காக. காலண்டர் மென்பொருளை இப்போதுதான் தொடுகிறீர்கள் என்று வைத்துக்கொண்டே சொல்கிறேன்.

முதலில் ஒரு தாள்

கணினியைத் திறக்காதீர்கள். போன மாதம் முடித்த ஒரே ஒரு வேலையை எடுத்துக்கொண்டு, அது யார் யார் கைக்குப் போய் வந்தது என்று ஒரு தாளில் அம்புக்குறி போட்டு வரையுங்கள். யார் கேட்டார், யார் எழுதினார், யாரிடம் போனது, எத்தனை தடவை திரும்பி வந்தது, யார் கடைசியில் சரி என்றார். நாங்கள் வரைந்தபோது ஒரு சாதாரண நோட்டீஸ் 11 தடவை கை மாறியிருந்தது. அதில் நான்கு தடவை 'இது எங்கே இருக்கிறது?' என்று கேட்பதற்காக மட்டுமே.

வரைந்த பிறகு இரண்டு இடத்தைச் சிவப்பில் வட்டமிடுங்கள். வேலை நாள்கணக்கில் தூங்கிய இடம் ஒன்று. ஒருவர் முடித்துவிட்டு, அடுத்து யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் நின்ற இடம் இன்னொன்று. மென்பொருள் தீர்க்க வேண்டியது இந்த இரண்டைத்தான். மற்ற வசதிகளெல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

எதில் தொடங்குவது

ஆறு பேருக்குக் கீழே என்றால் கூகுள் ஷீட்டும் கூகுள் காலண்டரும் போதும். எல்லோருக்கும் ஏற்கெனவே ஜிமெயில் இருக்கும், புதிதாகக் கற்க அதிகம் இல்லை, காசும் இல்லை. ஷீட்டில் வேலைகள், காலண்டரில் நாட்கள். ஒன்றை மறக்காதீர்கள்: ஷீட்டில் போட்ட தேதி தானாகக் காலண்டரில் ஏறாது. அதனால் காலண்டரில் வெளியீட்டு நாளையும் ஊர் நாட்களையும் மட்டும் வையுங்கள். இடையில் வரும் கெடுக்கள் ஷீட்டிலேயே இருக்கட்டும். இரண்டு இடத்திலும் எல்லாவற்றையும் எழுதினால் ஒரே மாதத்தில் இரண்டும் வேறுவேறு கதை சொல்லத் தொடங்கிவிடும்.

ஆள் கூடினால் அல்லது ஒரே நேரத்தில் இருபது வேலைக்கு மேல் ஓடினால் டிரெல்லோ, ஆசனா போன்ற, வேலைகளைப் பிரித்துக் கொடுக்கும் மென்பொருள்களுக்குப் போகலாம். டிரெல்லோவில் ஒவ்வொரு வேலையும் ஒரு கார்டு. அதை ஒரு பத்தியிலிருந்து (column) அடுத்த பத்திக்கு இழுத்துவிட்டால் நிலை மாறிவிடும். கண்ணால் பார்த்துப் புரிந்துகொள்கிறவர்களுக்கு இது நன்றாக ஒத்துவரும். ஆசனாவில் எனக்குப் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. ஒரு வேலையை ஒரே ஒரு ஆளிடம்தான் ஒப்படைக்க முடியும். மற்றவர்கள் உடனிருந்து கவனிக்கலாம், ஆனால் பெயர் ஒருவருடையதுதான். டிரெல்லோ ஒரு கார்டில் எத்தனை பேரை வேண்டுமானாலும் சேர்க்க விடும். அங்கே அந்தக் கட்டுப்பாட்டை நாமே வைத்துக்கொள்ள வேண்டும். எந்த மென்பொருளாக இருந்தாலும் சரி, ஒரு நேரத்தில் ஒரு வேலைக்கு ஒரு பெயர்தான் என்பதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்.

புதிய காலண்டரைக் கணினியின் பிரவுசரில் உருவாக்குங்கள். கைபேசிச் செயலி பார்ப்பதற்கும் திருத்துவதற்கும் நல்லது, புதிதாக அமைக்க அது ஏற்றதல்ல. 'எங்கள் வெளியீடுகள்' என்று ஒரு தனிக் காலண்டர் போட்டு, மாற்றும் உரிமையை இரண்டு பேருக்கு மட்டும் கொடுங்கள். மற்றவர்களுக்குப் பார்க்கும் உரிமை போதும். எல்லோரும் மாற்றலாம் என்று விட்டால், யாரோ தெரியாமல் விரலால் இழுத்த ஒரு நாள் வேறொரு வாரத்தில் போய் உட்கார்ந்திருக்கும்.

ஊர் நாட்களை முதலில் ஏற்றுங்கள்

பெரும்பாலான காலண்டர்களில் இந்திய விடுமுறைப் பட்டியலை ஒரு சொடுக்கில் சேர்க்கலாம். அதைச் சேர்த்ததோடு நிறுத்தாதீர்கள், நம்மூர் நாட்களை நாமே உட்கார்ந்து போட வேண்டும். நவம்பர் 1, ஆகஸ்ட் 16 இரண்டையும் போடுங்கள். ஜூலை 14 பிரெஞ்சு தேசிய நாள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ளவர்கள் இங்கே அதைக் கொண்டாடுகிறார்கள், அன்று அவர்களிடமிருந்து பதில் எதிர்பார்க்க முடியாது. வில்லியனூர் தேர், வடலூர் தைப்பூசம், சிதம்பரத்தின் ஆனித் திருமஞ்சனம், மார்கழி ஆருத்ரா தரிசனம், மாசி மகம் எல்லாம் ஆண்டுக்கு ஆண்டு தேதி மாறுபவை. பஞ்சாங்கம் வந்ததும் ஒருவர் உட்கார்ந்து ஏற்றட்டும். மாசி மகத்தன்று வைத்திக்குப்பம் கடற்கரைப் பக்கம் படப்பிடிப்பு வைத்தால் வண்டி நகராது. எங்கள் குழுவில் ஒருவர் கடலூரிலிருந்து தினமும் பேருந்தில் வருகிறார். அவர் ஊர்த் திருவிழா நாட்களும் எங்கள் காலண்டரில் உண்டு.

ஒரு நாள் நிகழ்வுகளைவிட முக்கியம், வாரக்கணக்கில் நீளும் காலங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் மீன்பிடிக்கத் தடை. இதைக் காலண்டரில் ஒரு நீளமான பட்டையாகப் போட்டு வையுங்கள். கடல் உணவு விடுதி ஒன்றுக்கு மே மாதப் போஸ்டில் 'இன்று காலை படகில் வந்திறங்கிய வஞ்சிரம்' என்று ஒரு வரி வந்தால், சரிபார்ப்பவர் அந்தப் பட்டையைப் பார்த்துவிட்டு உடனே கேட்பார்: இது எந்தப் படகு? சிறு நாட்டுப்படகுகள் அந்த மாதங்களிலும் போகின்றன, அதனால் வரி பொய்யாகத்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. விடுதிக்காரரிடம் கேட்டு உறுதி செய்யாமல் போடக் கூடாது, அவ்வளவுதான். பண்ருட்டிப் பலா, முந்திரி சீசனும் இப்படித்தான். அக்டோபர் தொடங்கி டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக்கு ஒரு பட்டை. அதைப் பற்றிக் கடைசியில் தனியாகச் சொல்கிறேன்.

பின்னாலிருந்து எண்ணுங்கள்

புதிதாக வருகிறவர்கள் பெரும்பாலும் இன்றிலிருந்து முன்னோக்கி எண்ணுகிறார்கள். 'நாளை எழுதிவிடுவேன், மறுநாள் டிசைன்' என்று. வெளியீட்டு நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிப் பாருங்கள், கணக்கு வேறு மாதிரி வரும்.

அதே நவம்பர் 1 நோட்டீஸையே எடுத்துக்கொள்வோம். அக்டோபர் 30 கடையில் இருக்க வேண்டும். அப்படியென்றால் 28ஆம் தேதி பிரஸ்ஸிலிருந்து வர வேண்டும். தீபாவளி நெருக்கத்தில் பிரஸ்ஸுக்கு மூன்று நாளாவது வேண்டும், ஆக 25ஆம் தேதி ஃபைல் அவர்கள் கையில் இருக்க வேண்டும். கடைக்காரரின் இறுதி ஒப்புதல் 23. அவர் பார்க்க இரண்டு நாள் என்றால் அவரிடம் போக வேண்டியது 21. டிசைனுக்கு இரண்டு நாள், ஆக மூன்று மொழி வாசகமும் முடிந்து நிற்க வேண்டியது 19. பிரெஞ்சு மொழிபெயர்ப்புக்கும் சரிபார்ப்புக்கும் மூன்று நாள் விட்டால் 16. தகவல் சரிபார்ப்புக்கு ஒரு நாள். தமிழ் வரைவு 15ஆம் தேதி வந்தாக வேண்டும். அதற்கும் முன்னால் ஆயுத பூஜை வந்து உட்கார்ந்தால் இன்னும் இரண்டு நாள் பின்னால் தள்ளுங்கள்.

ஒரு பக்க நோட்டீஸுக்கே இரண்டு வாரத்துக்கு மேல். முதல் தடவை இப்படிக் கணக்குப் போட்டபோது எங்களுக்கு நம்பிக்கை வரவில்லை. பழைய வேலைகளைத் திரும்பிப் பார்த்தால் உண்மையில் அவ்வளவு நாள் வேலைதான் இருந்தது. இரவெல்லாம் விழித்து அதை ஆறு நாளில் அடைத்திருந்தோம்.

வேலையை ஒப்படைப்பது எப்படி

'நவம்பர் 1 போஸ்ட்' என்று ஒரு வரி எழுதி, பக்கத்தில் ஒரு பெயரைப் போட்டால் வேலையை ஒப்படைத்ததாக ஆகாது. பெயருக்கு உரியவர் என்ன செய்ய வேண்டும், எப்போது முடிந்ததாகும் என்பது அந்த வரியைப் படித்தாலே தெரிய வேண்டும். நாங்கள் இப்போது எழுதுவது இப்படி:

'நவம்பர் 1 நோட்டீஸ், தமிழ் வரைவு, 120 சொல்லுக்குள். கடையின் தள்ளுபடி விவரம் கடைசி வரியில். ஃபைல் லிங்க் இதோ. அக்டோபர் 15 மாலை 5 மணிக்குள். முடிந்ததும் தகவல் சரிபார்ப்புக்கு அக்காவிடம்.'

மணியைக் குறிப்பிடுவதை விட்டுவிடாதீர்கள். '15ஆம் தேதி' என்றால் எழுதுகிறவருக்கு இரவு 11:59, சரிபார்ப்பவருக்குக் காலை 10. அந்த இடைவெளியில்தான் மனஸ்தாபம் வருகிறது.

ஷீட்டில் எத்தனையோ பத்திகள் போடலாம். எங்களுக்கு ஆறு போதுமானதாக இருக்கிறது: வேலை, வெளியீட்டு நாள், நிலை, இப்போது யார் கையில், அவருடைய கெடு, ஃபைல் லிங்க். இதில் நான்காவதுதான் உயிர். 'பொறுப்பாளர்' என்று தலைப்பு வைத்தால் தொடக்கத்தில் போட்ட பெயரே கடைசி வரைக்கும் அப்படியே இருக்கும். 'இப்போது யார் கையில்' என்று வைத்தால் வேலை கை மாறும்போது பெயரும் மாற வேண்டும் என்று தலைப்பே சொல்லிவிடுகிறது. கொடுக்கிறவரே பெயரை மாற்ற வேண்டும். வாங்குகிறவர் பார்த்து மாற்றிக்கொள்ளட்டும் என்று விட்டால், வேலை இரண்டு கைக்கும் நடுவில் விழுந்துவிடும்.

நிலைகளை ஐந்துக்கு மேல் வளர்க்காதீர்கள். எழுதுகிறோம், சரிபார்ப்பில், திருத்தத்தில், ஒப்புதலுக்கு, வெளியாகிவிட்டது. இவற்றோடு 'நிறுத்தி வை' என்று ஒன்று தனியாக. ஷீட்டில் அந்தப் பத்தியைத் தேர்ந்தெடுத்து இன்செர்ட் மெனுவில் டிராப்டவுன் கொடுத்து இந்தச் சொற்களை ஏற்றிவிட்டால், ஆளுக்கொரு விதமாக 'முடிஞ்சது', 'டன்', 'ஓவர்' என்று எழுதுவது நிற்கும். ஒவ்வொரு நிலைக்கும் ஒரு நிறம் கொடுங்கள். சரிபார்ப்புக்கு மட்டும் கண்ணைப் பறிக்கிற நிறம் வையுங்கள். வேலைகள் அதிகம் தூங்குவது அந்த நிலையில்தான்.

சரிபார்ப்பும் ஒரு வேலைதான்

இந்தப் பகுதியைத்தான் பொறுமையாகப் படிக்கச் சொல்வேன்.

எழுதுவதற்கு ஒருவரை வைக்கிறோம், நாள் கொடுக்கிறோம். சரிபார்ப்பதை மட்டும் 'கொஞ்சம் பாத்துடுங்களேன்' என்று போகிற போக்கில் கேட்கிறோம். கேட்கப்பட்டவர் தன் வேலைக்கு நடுவே, பேருந்தில் போகும்போது, கைபேசியில் பார்க்கிறார். சரிபார்ப்பையும் ஷீட்டில் தனி வரியாக, பெயரோடும் கெடுவோடும் போடுங்கள். 120 சொல் நோட்டீஸாக இருந்தாலும் அரை மணி நேரம் என்று ஒதுக்குங்கள். அந்த அரை மணி நேரத்தை அவருடைய நாள்வேலையில் கழித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, எதைப் பார்க்க வேண்டும் என்று சொல்லிக் கொடுங்கள். எங்களிடம் மூன்று பார்வை உண்டு. முதலில் தகவல்: தேதி, கிழமை, ஆண்டு, விலை, தொலைபேசி எண், பெயர்கள். இதைப் பார்ப்பவர் ஒவ்வொன்றையும் மூலத்தோடு ஒப்பிட்டு அந்த எண்ணின் மேல் டிக் போட வேண்டும், நினைவிலிருந்து சொல்லக் கூடாது. கீழூரில் 1954 அக்டோபர் 18 நடந்த வாக்கெடுப்பில் மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு இணைய வாக்களித்தார்கள் என்பது ஊரில் பலருக்கும் தெரியும். ஆனாலும் எழுதும்போது 170ஐயும் 178ஐயும் இடம் மாற்றிப் போட்ட வரைவு எங்கள் கைக்கு வந்திருக்கிறது. நன்றாகத் தெரிந்த விஷயம் என்றால் கண் அதை நிறுத்திப் படிப்பதில்லை.

இரண்டாவது மொழி. மூன்றாவது டிசைன். இந்த வரிசையை மாற்றாதீர்கள். டிசைன் முடிந்தபின் ஒரு வாக்கியத்தைத் திருத்தினால் எழுத்து அளவு மாறும், படம் நகரும், வடிவமைக்கும் தம்பிக்கு இரட்டை வேலை. தகவல் சரியாகாத வாசகத்தின் மொழியை மெருகேற்றுவதும் வீண். ஒரே ஆள் மூன்றையும் பார்ப்பதாக இருந்தாலும் மூன்று தடவையாகப் பார்க்கட்டும். ஒரே மூச்சில் பார்த்தால் கடைசியில் எழுத்துப்பிழை மட்டுமே கண்ணில் படும்.

திருத்தத்தை எப்படிச் சொல்வது? கூகுள் டாக்ஸில் மேலே வலப்பக்கம் பென்சில் படம் இருக்கும். அதை அழுத்தி சஜெஸ்டிங் முறைக்கு மாறிவிட்டுத் திருத்துங்கள். நீங்கள் மாற்றியது வேறு நிறத்தில் தெரியும், எழுதியவர் ஒவ்வொன்றாக ஏற்கலாம், மறுக்கலாம். கேள்வி இருந்தால் அந்த வரியைத் தேர்ந்தெடுத்து கமெண்ட் போட்டு, அட் குறியோடு அவர் மெயில் முகவரியைச் சேர்த்தால் 'அசைன்' என்று ஒரு கட்டம் வரும். அதில் டிக் போட்டால் அந்தக் கேள்வியே அவருக்கு ஒரு வேலையாகப் போய்ச் சேரும். அவர் முடித்ததாகக் குறிக்கும் வரை திறந்தபடியே இருக்கும். 'ரெண்டாவது பாரால ஏதோ சரியில்ல' என்று வாய்ஸ் மெசேஜ் அனுப்புவதைவிட இது ஆயிரம் மடங்கு மேல்.

எல்லோர் திருத்தமும் வந்தபின் அவற்றை ஒன்றாகச் சேர்ப்பவர் ஒருவராக இருக்கட்டும். சரிபார்ப்பவர்கள் இரண்டு பேர் ஒருவருக்கொருவர் எதிராகச் சொன்னால் எழுதியவர் நடுவில் மாட்டிக்கொள்வார். அப்போது முடிவு சொல்பவர் யார் என்பது முன்பே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு சுற்றுக்கு மேல் போகும் வேலை என்றால் இனி கமெண்ட் போட்டுப் பயனில்லை. பத்து நிமிடம் உட்கார்ந்து பேசி முடியுங்கள், பேசி முடித்ததை ஒரு வரியில் ஷீட்டில் எழுதுங்கள்.

இதில் மென்பொருளுக்குத் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. நம்மிடம் வயதும் மரியாதையும் வேலைக்குள் வந்து உட்காரும். எங்கள் குழுவில் அனுபவசாலியான அண்ணன் ஒருவர் எழுதியதை, கல்லூரி முடித்து வந்த தங்கை சரிபார்க்க வேண்டியிருந்தது. ஒரு மாதமாக ஒரு கமெண்டும் வரவில்லை. கேட்டபோது, 'அண்ணா எழுதினதுல நான் போய் எப்படிங்க கை வைக்கிறது?' என்றாள். தவறுகள் அவள் கண்ணில் பட்டிருந்தன, சொல்லத்தான் வாய் வரவில்லை.

இதற்கு நாங்கள் கண்ட வழி, கண்டுபிடிப்பதை அவளுடைய கடமையாக எழுதி வைத்தது. தகவல் சரிபார்ப்புக்கு ஏழு கேள்விகள் கொண்ட ஒரு பட்டியல் போட்டோம். தேதியும் கிழமையும் பொருந்துகின்றனவா, எண்ணுக்கு மூலம் எது, பெயர் எழுத்துக்கூட்டல் அவரே எழுதுவது போல இருக்கிறதா என்று. ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினால்தான் வேலை அடுத்த நிலைக்குப் போகும். இப்போது அவள் அண்ணனைத் திருத்தவில்லை, பட்டியலுக்குப் பதில் சொல்கிறாள். அண்ணனும் அதற்கு ஒத்துழைத்தார். முதல் வாரமே தன் வரைவில் வந்த பிழையை எல்லோர் முன்னும் காட்டி, 'நல்லவேளை புடிச்சிட்ட, அச்சாகியிருந்தா என் பேருதான் கெடும்' என்றார். குழுவில் மூத்தவர் நீங்கள் என்றால், தயவுசெய்து முதலில் உங்கள் வரைவையே சரிபார்க்கக் கொடுங்கள். இளையவர்களுக்கு அதைவிடப் பெரிய அனுமதிச் சீட்டு கிடையாது.

சரிபார்ப்பவர் விடுப்பில் போனால்? ஒவ்வொரு பார்வைக்கும் மாற்று ஆள் ஒருவரை முன்பே குறித்து வையுங்கள். கெடு தாண்டி நான்கு மணி நேரம் பதில் இல்லை என்றால் வேலை மாற்று ஆளிடம் போகும் என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள். பதில் வராததைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள்.

கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம்

கிளையன்ட்டிடம் வாட்ஸ்அப்பில் டிசைனை அனுப்புகிறோம். கட்டைவிரல் படம் வருகிறது. பார்த்துவிட்டேன் என்றா, பிடித்திருக்கிறது என்றா, அச்சுக்குக் கொடுங்கள் என்றா? 'பிறகு பார்க்கிறேன்' என்ற அர்த்தத்தில் ஒருவர் அனுப்பிய கட்டைவிரலை நம்பி அச்சுக்குக் கொடுத்து, மறுநாள் அவர் விலையை மாற்றச் சொன்ன அனுபவம் எங்களுக்கு உண்டு.

கிளையன்ட்டை ஷீட்டுக்குள் இழுக்க வேண்டாம், பெரும்பாலானவர்கள் வரமாட்டார்கள். வாட்ஸ்அப்பிலேயே இருக்கட்டும். ஆனால் கேட்பதை மாற்றுங்கள்: 'சார், விலை 450, தேதி அக்டோபர் 30 முதல் நவம்பர் 2 வரை, தொலைபேசி எண் படத்தில் உள்ளது. மூன்றும் சரி என்றால் "அச்சுக்குப் போகலாம்" என்று எழுதி அனுப்புங்கள்.' அந்த இரண்டு சொல் வந்தால்தான் ஒப்புதல். வந்ததும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து ஃபைல் இருக்கும் ஃபோல்டரில் போட்டு, ஷீட்டில் நாளையும் மணியையும் குறித்துவிடுங்கள். குழுவுக்குள்ளும் அதேதான். பேச்சு வாட்ஸ்அப்பில் நடக்கலாம், முடிவு ஷீட்டில் ஏற வேண்டும்.

ஃபைலுக்கு 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'நிஜமான ஃபைனல்' என்று பெயர் வைப்பதை இன்றோடு விடுங்கள். டாக்ஸிலும் ஷீட்டிலும் வெர்ஷன் ஹிஸ்டரி உண்டு, ஒப்புதல் வந்த வடிவத்துக்கு அங்கேயே பெயர் கொடுக்கலாம். படங்களுக்கு மட்டும் தேதியைப் பெயரோடு சேர்த்தால் போதும்.

பாரீஸ் மணி

இது எல்லோருக்கும் தேவைப்படாது, புதுச்சேரிக்காரர்கள் பலருக்குத் தேவைப்படும். எங்கள் பிரெஞ்சு வாசகத்தைச் சரிபார்ப்பவர் பிரான்ஸில் குடியேறிய உறவுக்கார அத்தை. குளிர்காலத்தில் நம் நேரத்துக்கும் அவர் நேரத்துக்கும் நாலரை மணி நேர இடைவெளி, கோடையில் மூன்றரை. மார்ச் கடைசி ஞாயிறும் அக்டோபர் கடைசி ஞாயிறும் அங்கே கடிகாரத்தை மாற்றுகிறார்கள். 'உங்க நேரம் மதியம் ஒண்ணரைக்குள்ள அத்தை' என்று மனக்கணக்குப் போட்டுச் சொல்லாமல், காலண்டரில் நிகழ்வாகப் போட்டு அவரை அழைத்துவிடுங்கள். அவரவர் கைபேசியில் அவரவர் மணி தெரியும்.

இன்னொன்று, நவம்பர் 1 பிரான்ஸிலும் விடுமுறை. அது புனிதர் அனைவரின் திருநாள். அதையொட்டிப் பள்ளி விடுமுறையும் வருவதால் அக்டோபர் பின்பாதியில் அங்குள்ள பலர் வெளியூர் போய்விடுவார்கள். நமக்கு வேலை குவியும் வாரத்தில்தான் அத்தை கையில் மடிக்கணினி இருக்காது. அந்த நாட்களையும் முன்கூட்டியே கேட்டு ஏற்றி வையுங்கள்.

காலையில் பத்து நிமிடம்

மென்பொருள் எதுவானாலும் முதல் நாளே அறிவிப்புகளைக் குறையுங்கள். ஒவ்வொரு மாற்றத்துக்கும் கைபேசி மணியடித்தால் இரண்டே வாரத்தில் எல்லோரும் எல்லாவற்றையும் அணைத்துவிடுவார்கள். தன் பெயருக்கு வேலை வருவது, தன் கெடு நெருங்குவது, இரண்டுக்கு மட்டும் மணி அடிக்கட்டும். மற்றதைக் காலையில் டீயோடு ஷீட்டைத் திறந்து பார்த்துக்கொள்ளலாம். நாங்கள் கேட்பது ஒரே கேள்வி: நேற்றிலிருந்து கை மாறாமல் நிற்பது எது, ஏன்?

புயல் வரும்போது

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மேல் மழை கொட்டியது. மின்சாரம் இல்லை, பல தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர். டிசம்பர் 1 காலை, ஊர் அந்த நிலையில் இருக்கும்போது, நாங்கள் போன வாரமே நேரம் குறித்து வைத்த ஒரு போஸ்ட் தானாக வெளியாகிவிட்டது. 'இந்த ஞாயிறு கடற்கரையில் குடும்பத்தோடு ஒரு காலை உணவு.' அதைப் பார்த்தவர்களின் கோபம் நியாயமானது. நீக்குவதற்கு எங்களில் யார் கைபேசியிலும் சார்ஜ் இல்லை. கடவுச்சொல் தெரிந்தவர் ஒருவர்தான், அவர் வீட்டு மாடியில் மாட்டிக்கொண்டிருந்தார்.

அதனால் 'நிறுத்தி வை' என்ற நிலையை அலங்காரத்துக்காக நான் சொல்லவில்லை. தானாக வெளியாகும்படி எதைக் குறித்து வைத்தாலும், அதை நிறுத்த இரண்டு பேருக்கு உரிமையும் கடவுச்சொல்லும் இருக்க வேண்டும். அவர்களில் ஒருவராவது வெளியூரில் இருப்பவராக இருக்கட்டும். எங்களுக்கு அந்த இரண்டாவது ஆள் இப்போது பிரான்ஸில் இருக்கும் அத்தைதான். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் போஸ்டுகளை மெட்டா பிசினஸ் சூட்டில் குறித்து வைத்திருந்தால், அதிலுள்ள பிளானர் காலண்டரில் வரவிருக்கும் எல்லாமே தெரியும். அங்கிருந்தே தேதியை மாற்றலாம், நீக்கலாம். அத்தையை ஒரு நாள் உட்கார வைத்து வீடியோ அழைப்பில் சொல்லிக் கொடுத்தோம். அரை மணி நேரம் ஆனது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நாங்கள் மூன்று நாளுக்கு மேல் முன்கூட்டியே எதையும் தானியங்கியில் குறித்து வைப்பதில்லை. வானிலை மையம் நம் பகுதிக்கு ஆரஞ்சு எச்சரிக்கை கொடுத்ததும், மழை தொடங்கும் முன்பே, காலையில் ஷீட்டைத் திறப்பவர் விளம்பரப் போஸ்ட் எல்லாவற்றையும் நிறுத்தி வைப்பார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. திரும்பத் திறப்பதற்குத்தான் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் ஒவ்வொரு வரியையும் மறுபடி படித்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் 'இந்த ஞாயிறு' என்று எழுதியது போன ஞாயிறாக ஆகியிருக்கும். இன்னொருவர் கடைக்காரரைக் கூப்பிட்டு, கடை திறந்திருக்கிறதா, உள்ளே தண்ணீர் புகுந்ததா, ஏதாவது உதவி வேண்டுமா என்று கேட்க வேண்டும். விளம்பரத்துக்குப் புதிய தேதி என்ன என்பதை அப்புறம் கேட்கலாம்.